வரைபடத்துக்கு வெளியே வந்திறங்கும் வலசைப் பறவை வழி தவறியதுதானா?

உங்கள் கேள்வியை ஒருமுறை திரும்பச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கையேட்டில் உள்ள பரவல் வரைபடத்தின்படி ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டிய ஒரு சிறு வலசைப் பறவை, நீர்நிலையோரப் புதரொன்றில் நான்கு நாட்களாகத் தென்படுகிறது. பார்த்தவர்களில் ஒருவர் புயல் கொண்டுவந்து போட்டது என்கிறார். இன்னொருவர் பருவநிலை மாற்றம் என்கிறார். மூன்றாமவர் கூண்டிலிருந்து தப்பியதாக இருக்கும் என்று முடித்துவிடுகிறார். இவற்றுள் எது சரி, அந்தப் பறவை தன் இனத்தோடு மீண்டும் சேருமா, பிடித்துக் காப்பாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு பறவையைப் பார்த்து அது வந்த காரணத்தைச் சொல்லிவிட முடியுமா என்பதே இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி. பெரும்பாலும் முடியாது என்பதே என் பதில். ஆனால் இத்தகைய பதிவுகளை நூற்றுக்கணக்கில் சேர்த்துவைத்துப் பார்க்கும்போது காரணங்கள் தெளிவாகவே பிரிந்து தெரிகின்றன. பறவைகளுக்கு அடையாள எண் பொறித்த கால்வளையமிடும் பணியிலும், பிறர் அனுப்பும் அரிய பறவைப் பதிவுகளைச் சரிபார்க்கும் பணியிலும் நெடுங்காலம் ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில், எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

காரணத்தைத் தேடும் முன், தவறியது பறவையா வரைபடமா என்று கேட்க வேண்டும். வரைபடம் என்பது பறவை இருக்கும் இடங்களைக் காட்டுவதல்ல. பறவையைப் பார்த்தவர்கள் இருந்த இடங்களைக் காட்டுவது. பெரிய அலகு நாணல் கதிர்க்குருவியின் கதை இதற்குச் சரியான சான்று. 1867-இல் பறவையியலாளர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் சட்லஜ் பள்ளத்தாக்கில் சேகரித்த ஒரே ஒரு பறவையைக் கொண்டு அந்த இனம் அறியப்பட்டது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அதை யாரும் உயிரோடு அடையாளம் காணவில்லை. அது தனி இனம்தானா என்றே ஐயம் எழுந்தது. 2006-இல் தாய்லாந்தில், வளையமிடுவதற்காக விரித்த வலையில் ஒரு பறவை சிக்கியது. மரபணு ஒப்பீடு அதை உறுதி செய்தது. பிறகு ஆப்கானிஸ்தானின் வாக்கான் பகுதியில் அவை இனப்பெருக்கம் செய்வது தெரியவந்தது. தாய்லாந்தில் சிக்கிய அந்தப் பறவையை வழி தவறி வந்தது என்று எழுதியிருந்தால் எவ்வளவு பிழையாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நாணலுக்குள் ஒளிந்து திரியும் பழுப்புநிறக் குருவிகள், இரவில் மட்டும் கடந்து செல்லும் இனங்கள், கரைக்கு வராத கடற்பறவைகள் ஆகியவற்றைப் பொறுத்தவரை இந்த எச்சரிக்கை எப்போதும் வேண்டும்.

வரைபடம் சரிதான், பறவையின் அடையாளமும் சரிதான் என்று வைத்துக்கொண்டால், அடுத்து பறவையையே உற்றுப் பார்க்க வேண்டும். கையில் பிடித்த ஒரு சிறு பறவையின் மார்பு இறகுகளை வாயால் மெல்ல ஊதினால், தோலுக்கு அடியில் கழுத்தெலும்பின் கவைக்குள் உள்ள குழி தெரியும். நீண்ட பயணத்துக்கு ஆயத்தமான பறவையில் அந்தக் குழி வெளிர்மஞ்சள் கொழுப்பால் நிரம்பிப் புடைத்திருக்கும். கடலைக் கடந்து அப்போதுதான் இறங்கிய பறவையில் குழி வெறுமையாக இருக்கும், மார்பெலும்பு விளிம்பு கத்திபோல விரலில் தட்டுப்படும். வயதைச் சொல்வது வால். பல சிறு பறவை இனங்களில், கூட்டில் இருந்தபோது அவசரமாக முளைத்த இளம்பறவையின் வால் இறகுகள் குறுகலாகவும் நுனி கூராகவும் எளிதில் தேய்ந்தும் இருக்கும். முதிர்ந்த பறவையின் இறகுகள் அகன்று, நுனி வட்டமாக இருக்கும். இதைக் காண இப்போது பறவையைப் பிடிக்க வேண்டிய தேவை இல்லை; நல்ல ஒளிப்படம் ஒன்று போதும். வயது ஏன் முக்கியம் என்பதைச் சற்றுப் பின்னர் சொல்கிறேன்.

கூண்டிலிருந்து தப்பியதா என்ற ஐயத்துக்கும் இறகே முதற்சாட்சி. கம்பிகளில் உரசி முறிந்த வால்நுனி, சிறகின் வளைவில் தேய்ந்த இறகுகள், மிகையாக வளர்ந்த நகம், வளர்ப்போர் குஞ்சிலேயே காலில் மாட்டும் பூட்டில்லாத முழு வளையம் ஆகியவை தென்பட்டால் ஐயம் வலுப்படும். ஆனால் இவை இல்லை என்பதாலேயே காட்டுப்பறவை என்று சொல்லிவிட முடியாது. நன்கு பேணப்பட்ட கூண்டுப்பறவை ஒருமுறை இறகுதிர்த்துவிட்டால் தடயம் எதுவும் மிஞ்சாது. வாத்துகளில் இந்தச் சிக்கல் மிகுதி, ஏனென்றால் அவற்றை வளர்ப்போர் மிகுதி. 2005-இல் டென்மார்க்கில் சுடப்பட்ட ஒரு பைக்கால் கிளுவையின் இறகுகளை ஐசோடோப்பு ஆய்வுக்கு உட்படுத்தினார்கள். இறகு முளைக்கும் காலத்தில் பறவை உண்டதும் பருகியதும் அந்த இறகில் வேதியியல் அடையாளமாகத் தங்கிவிடும். அந்த இளம்பறவையின் பழைய இறகுகள் சைபீரியாவோடும், பின்னர் முளைத்த இறகுகள் மேற்கு ஐரோப்பாவோடும் பொருந்தின. ஆகவே அது தானே பறந்து வந்த காட்டுப்பறவை என்ற முடிவுக்கு வலுவான சான்று கிடைத்தது. எல்லாப் பறவைக்கும் இந்தச் சோதனை செய்ய இயலாது என்பது வேறு. கூண்டிலிருந்து தப்பியது, தானே பறந்து வந்தது என்ற இரண்டுக்கும் இடைப்பட்ட இன்னொரு வகையும் உண்டு. நாம் அன்றாடம் காணும் காகம் கப்பலேறிப் பல துறைமுகங்களைச் சென்றடைந்திருக்கிறது. நெதர்லாந்தின் ஹூக் வான் ஹாலந்தில்கூட 1990-களில் குடியேறி இனப்பெருக்கம் செய்தது. அதைத் தானாக வந்தது என்பதா, கொண்டுவரப்பட்டது என்பதா என்று பதிவுக் குழுக்கள் இன்றும் ஆளுக்கொரு விதி வைத்திருக்கின்றன.

இனி வழி தவறுதல் என்ற செய்திக்கு வருகிறேன். ஒரு பறவை வழி தவறியது என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு வழி எப்படித் தெரியும் என்பது முதலில் தெரிய வேண்டும். பெரும்பாலான சிறு வலசைப் பறவைகள் இரவில், பெற்றோரின் துணையின்றிப் பறக்கின்றன. முதல் பயணம் போகும் இளம்பறவைக்கு வரைபடம் கிடையாது. எந்தத் திசையில், ஏறத்தாழ எத்தனை நாள் பறக்க வேண்டும் என்ற மரபுவழிக் கட்டளை மட்டுமே உண்டு. வலசைக் காலத்தில் கூண்டில் வைத்திருக்கும் பறவைகூட இரவில் அமைதியிழந்து குறிப்பிட்ட திசையை நோக்கித் தாவிக்கொண்டே இருக்கும். 1966-இல் ஸ்டீவன் எம்லனும் அவருடைய தந்தை ஜான் எம்லனும் இதை அளக்க எளிய கருவி ஒன்றை விவரித்தார்கள். காகிதத்தாலான கூம்பு, அதன் அடியில் மைத்திண்டு, மேலே வலை, அவ்வளவுதான். பறவை ஒவ்வொரு முறை தாவும்போதும் மை படிந்த கால் காகிதச் சுவரில் சுவடு பதிக்கும். விடிந்ததும் காகிதத்தைப் பிரித்தால் எந்தப் பக்கம் கருமை அடர்ந்திருக்கிறதோ அதுவே பறவை போக விரும்பிய திசை. கதிரவன், விண்மீன்கள், புவியின் காந்தப்புலம் ஆகிய மூன்றையும் பறவைகள் திசைகாட்டியாகப் பயன்படுத்துகின்றன என்பது இத்தகைய பல சோதனைகளால் உறுதிப்பட்டது. காந்தப்புலத்தை உடலின் எந்த உறுப்பு உணர்கிறது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. கண்ணில் உள்ள கிரிப்டோகுரோம் என்ற புரதம் என்பது வலுவான கருதுகோள்.

வயது ஏன் முக்கியம் என்பதை 1958-இல் வெளியான ஏ. சி. பெர்டெக்கின் ஆய்வு காட்டியது. நெதர்லாந்து வழியாக இலையுதிர்காலத்தில் வலசை சென்றுகொண்டிருந்த, மைனாக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகள் 11,000-க்கும் மேற்பட்டவற்றைப் பிடித்து, வளையமிட்டு, விமானத்தில் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். முன்பு பயணம் செய்து பழகிய முதிர்ந்த பறவைகள் திசையைத் திருத்திக்கொண்டு, தங்கள் வழக்கமான குளிர்கால இடங்களான வடபிரான்சையும் தென் இங்கிலாந்தையும் நோக்கிச் சென்றன. இளம்பறவைகளோ, எங்கிருந்து கிளம்பினாலும் அதே தென்மேற்குத் திசை என்று பறந்து, தென்பிரான்சிலும் ஸ்பெயினிலும் போய் இறங்கின. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர் கிழக்கே கொண்டுசெல்லப்பட்ட வெண்முடிச் சிட்டுகளும் இப்படியே நடந்துகொண்டன. ஆகவே உங்கள் புதரில் இருப்பது இளம்பறவையா முதிர்ந்ததா என்பதைப் பொறுத்தே, அது தன் நிலையை உணர்ந்து திருத்திக்கொள்ளுமா என்ற கேள்வியின் பதில் பெரிதும் அமைகிறது. இலையுதிர்காலத்தில் எல்லை கடந்து தென்படும் சிறு பறவைகளில் பெரும்பான்மை முதல் பயணம் போகும் இளம்பறவைகள் என்பதும் இதனால் வியப்பளிப்பதில்லை.

மரபுவழிக் கட்டளை என்றால் அதில் பிழையும் நேரும். எவ்வகைப் பிழை என்பதில்தான் கருத்து வேறுபாடு இருக்கிறது. கலிஃபோர்னியக் கரைக்கு அப்பால் உள்ள ஃபாரலான் தீவுகளில், வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குரிய வார்ப்ளர் எனும் சிறு பறவைகள் ஆண்டுதோறும் வந்து இறங்குவதை டேவிட் டிசான்டே 1970-களில் ஆராய்ந்தார். தென்கிழக்கே பறக்க வேண்டியவை தென்மேற்கே பறந்திருந்தன. வடக்கு தெற்கை அந்தப் பறவைகள் சரியாக அறிந்திருக்கின்றன, இடம் வலத்தை மட்டும் மாற்றிக்கொள்கின்றன என்று அவர் விளக்கினார். இதைக் கண்ணாடிப் பிம்பப் பிழை என்பார்கள். அதற்குச் சற்று முன்பு டென்மார்க்கின் யோர்கன் ராபோல், ஆசியாவின் சிறு கதிர்க்குருவிகள் மேற்கு ஐரோப்பாவில் தென்படுவதற்கு, திசையை முழுவதும் தலைகீழாக எடுத்துக்கொள்வது காரணமாகலாம் என்று முன்வைத்தார். வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் இரண்டுமே கண்ணைக் கவரும் அளவுக்கு அழகாகப் பொருந்தும். எனக்குச் சற்றுத் தயக்கம் வருவதும் அந்த அழகினால்தான். பின்னர் வந்த ஆய்வாளர்கள், எல்லாத் திசையிலும் சிறிது சிறிதாகப் பிழை நேர்ந்து, எண்ணிக்கையில் மிகுந்த இனங்களிலிருந்து அதிகப் பறவைகள் சிதறினாலே இதே தோற்றம் கிடைக்கும் என்று காட்டியிருக்கிறார்கள். கடலுக்குள் தவறிய பறவைகளை யாரும் காண்பதில்லை. நோக்கர்கள் நிறைந்த கரையில் இறங்கியவை மட்டும் கணக்கில் வருகின்றன. ஆகவே பிழை நேர்கிறது என்பது உறுதி. அது குறிப்பிட்ட ஒரே வகைப் பிழைதான் என்பது ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனியே நிறுவப்பட வேண்டியது.

காந்தப்புலத் தொந்தரவும் ஒரு காரணம் என்பதற்கு இப்போது நல்ல சான்று உண்டு. வட அமெரிக்காவில் 1960 முதல் 2019 வரை வளையமிடப்பட்ட 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளின் பதிவுகளை வைத்து 2023-இல் வெளியான ஆய்வொன்று, புவியின் காந்தப்புலம் குலைந்திருந்த காலங்களில், குறிப்பாக இலையுதிர்கால வலசையின்போது, பறவைகள் எல்லை தவறித் தென்படுவது கூடுகிறது என்று கண்டது. இது லட்சக்கணக்கான பதிவுகளின் சராசரியில் தெரியும் போக்கு. இதைக் கொண்டு உங்கள் ஒரு பறவை சூரியப் புயலால் வந்தது என்று சொல்வது பொருந்தாது.

காற்றைப் பற்றிய விளக்கம்தான் பலருக்கும் முதலில் தோன்றுவது. சில நேரங்களில் அது மறுக்க முடியாத உண்மையும்கூட. 1927 டிசம்பரில் ஐரோப்பாவுக்குரிய கொண்டை ஆள்காட்டிகள் பெருங்கூட்டமாகக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் வந்திறங்கின. கடுங்குளிரைத் தவிர்க்க மேற்கே கிளம்பியவை, வலுத்த கீழ்க்காற்றில் அகப்பட்டு அட்லாண்டிக் பெருங்கடலையே கடந்துவிட்டன. அவற்றுள் ஒன்றின் காலில் வளையம் இருந்தது. அது 1926-இல் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் இடப்பட்டது. ஒரு சிறு உலோக வளையம் இவ்வளவு தெளிவாகச் சாட்சி சொன்ன நிகழ்வுகள் அரிது. எதிர்த்திசையில், 2023 செப்டம்பரில் லீ சூறாவளியின் எச்சமாக வந்த காற்றோட்டத்தோடு, அமெரிக்க வார்ப்ளர்களும் பிற சிறு பறவைகளும் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் அதுவரை காணாத எண்ணிக்கையில் வந்து சேர்ந்தன. புயல்தான் காரணம் என்று சொல்ல நான் எதிர்பார்க்கும் அடையாளம் இதுதான்: ஒரே வாரத்தில், ஒரே திசையிலிருந்து, பல இனங்கள், பல இடங்களில் சேர்ந்து வர வேண்டும். நடுக்கடலிலேயே வாழும் ஆலாக்களும் பிற கடற்பறவைகளும் புயலுக்குப் பிறகு உள்நாட்டு நீர்நிலைகளில் கிடப்பதும் இந்த வகையே. அமைதியான வானிலையில் தனியாக ஒரு சிறு பறவை வந்திருந்தால் புயலைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இதமான வானிலையே தொலைவுக்குக் கொண்டுபோவதும் உண்டு. வசந்தத்தில் வடக்கே திரும்பும் கொண்டலாத்திகளும் பஞ்சுருட்டான்களும், தெளிந்த வானமும் பின்காற்றும் வாய்த்தால், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் பிரிட்டன் வரை போய்விடுகின்றன. அங்கே திசையில் பிழை இல்லை, நிறுத்தத்தில்தான் பிழை.

உணவுப் பஞ்சத்தாலோ எண்ணிக்கைப் பெருக்கத்தாலோ ஓர் இனமே புறப்பட்டு வருவது வேறு. மத்திய ஆசியாவின் பல்லாஸ் கல்கௌதாரிகள் 1863-இலும் 1888-இலும் மேற்கு ஐரோப்பாவுக்குள் பெருந்திரளாக நுழைந்தன. தனிப்பறவை ஒன்றை இதில் சேர்க்க வேண்டியதில்லை என்பதால் இதை இத்துடன் விடுகிறேன்.

பருவநிலை மாற்றம் என்ற விளக்கத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பல இனங்களின் பரவல் எல்லை மெல்ல நகர்ந்து வருவது உண்மை; வலசைக் காலங்கள் மாறி வருவதும் உண்மை. ஆனால் எல்லை நகர்வது என்பது ஆண்டுக்காண்டு, ஓரத்திலிருந்து சற்றுத் தள்ளி, பல பறவைகளாக நிகழ்வது. ஒரு கண்டத்தின் மறுபக்கத்திலிருந்து ஒற்றைப் பறவை வந்திறங்குவது அந்த வகையைச் சேர்ந்ததன்று. தந்தியும் ரயிலும் புதிதாக இருந்த காலத்திலேயே இத்தகைய பறவைகள் வந்ததற்கு அருங்காட்சியகங்களில் பதப்படுத்திய உடல்கள் சான்றாக இருக்கின்றன. அண்மைக் காலத்தில் பதிவுகள் பெருகியிருப்பதில் நம் பங்கும் பெரிது. கையில் ஒளிப்படக் கருவியோடு வெளியே போவோர் எத்தனையோ மடங்கு கூடிவிட்டார்கள். 2002-இல் தொடங்கிய இ-பேர்ட் போன்ற தளங்கள் ஒவ்வொரு பார்வையையும் சேமிக்கின்றன. முன்பு ஏதோ ஒரு கதிர்க்குருவி என்று கடந்துபோன பறவையை இன்று படத்தைப் பெரிதாக்கி, சிறகின் கோடுகளை எண்ணி அடையாளம் காண்கிறார்கள். ஆகவே எண்ணிக்கை கூடியதா, பார்ப்பவர்கள் கூடினார்களா என்று பிரிக்காமல் எழுதப்படும் செய்திகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: அதற்கு இனி என்ன ஆகும்? இப்படி வந்த சிறு பறவைகளில் பல, பசியாலோ குளிராலோ, புதிய இடத்தின் வேட்டைப் பறவைகளாலோ மடிந்துபோகும் என்றே கருதப்படுகிறது. சில, எதிரே கடல் இல்லாவிட்டால், அடுத்த காற்றுக்குக் கிளம்பிவிடும். அதன்பின் யாரும் அவற்றை அறிய முடிவதில்லை. ஆனால் மடிவதும் மறைவதும் மட்டுமே முடிவுகள் அல்ல. பிரிட்டனின் கேனட் எனும் கடற்பறவைக் கூட்டங்களுக்கு நடுவே தென்கோளத்துக்குரிய கருப்புருவ அல்பட்ராஸ் ஒன்று, 1972 முதல் 1990-களின் நடுப்பகுதி வரை, ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் உள்ள ஹெர்மானஸ் பாறைகளில் இடையில் சில ஆண்டுகள் தவிரத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. நிலநடுக்கோட்டுப் பகுதியின் காற்றற்ற வளையத்தை ஒருமுறை எப்படியோ கடந்துவிட்ட பறவை, சறுக்கிப் பறக்கக் காற்று தேவைப்படுவதால், திரும்பக் கடக்க இயலாமல் வடகோளத்திலேயே தங்கிவிடுகிறது என்பது பொதுவான விளக்கம். ரஷ்யாவின் தூரக்கிழக்குக் கரைகளில் கூடு கட்டும் ஸ்டெல்லர் கடற்கழுகு ஒன்று 2020-இல் அலாஸ்காவின் உட்பகுதியில் தென்பட்டது. 2021-இல் கனடாவின் கிழக்குக் கரையிலும், அந்த ஆண்டின் முடிவில் மாசசூசெட்ஸிலும் மெய்னிலும் தென்பட்டது. பின்னர் நியூஃபவுண்ட்லாந்தில் நெடுங்காலம் தங்கியது. சிறகில் உள்ள வெண்திட்டுகளின் அமைப்பை ஒளிப்படங்களில் ஒப்பிட்டுத்தான் இவை ஒரே கழுகு என்று கண்டார்கள். 2021 மார்ச்சில் டெக்சாஸில் காணப்பட்டதும் அதுவாக இருக்கலாம். ஆனால் அது கிழக்குக் கரைப் பதிவுகளைப் போல உறுதியானதன்று. மீனும் குளிர்ந்த கடலும் கிடைத்த இடத்தில் அந்தக் கழுகு நன்றாகவே வாழ்ந்தது. குறை ஒன்றுதான், துணை இல்லை.

துணையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் வரலாறு உண்டு. 1937 ஜனவரியில் நார்வேயிலிருந்து கிளம்பிய ஃபீல்ட்ஃபேர் எனும் பூங்குருவிக் கூட்டம் ஒன்று புயலில் அடித்துச் செல்லப்பட்டுக் கிரீன்லாந்தில் இறங்கி, தென்மேற்குப் பகுதியில் நிலைத்து இனப்பெருக்கம் செய்தது. 1850-களில் ஆஸ்திரேலியப் பக்கமிருந்து கடல் கடந்த வெள்ளைக்கண்ணிகள் இன்று நியூசிலாந்தில் எங்கும் உள்ளன. மாட்டின் பின்னே நடந்து பூச்சி பிடிக்கும் உண்ணிக்கொக்கு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆப்பிரிக்காவிலிருந்து தென் அமெரிக்காவின் வடகரையை அடைந்தது. 1940-களில் ஃபுளோரிடாவில் தென்பட்டது. 1953-இல் வட அமெரிக்காவில் கூடு கட்டுவது உறுதியானது. முதன்முதலில் இறங்கிய கொக்குகளைப் பார்த்தவர் யாரேனும் இருந்தால், அவரும் பாவம், வழி தவறி வந்தவை என்றுதான் எண்ணியிருப்பார்.

இதைவிட நுட்பமானது புதிய வலசைப்பாதை உருவாவது. மத்திய ஐரோப்பாவின் பிளாக்கேப் எனும் சிறு பறவைகள் மரபாகத் தென்மேற்கே மத்தியதரைக் கடல் பக்கம் போகிறவை. 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அவற்றுள் ஒரு பகுதி குளிர்காலத்தைப் பிரிட்டனில் கழிக்கத் தொடங்கியது. பீட்டர் பெர்தோல்டு குழுவினர் பிரிட்டனில் குளிர்காலத்தில் பிடித்த பறவைகளை ஜெர்மனியில் வளர்த்து, அவற்றின் குஞ்சுகளை இலையுதிர்காலத்தில் சோதித்தார்கள். பிரிட்டனையே கண்டிராத அந்தக் குஞ்சுகளும் மேற்கு வடமேற்குத் திசையையே நாடின. 1992-இல் வெளியான இந்த முடிவின் பொருள், பிழைபோலத் தோன்றிய திசை மரபில் ஏறி அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்பதே. சைபீரியாவில் கூடு கட்டித் தெற்கு ஆசியாவில் குளிர்காலம் கழிக்கும் ரிச்சர்ட் நெட்டைக்காலியின் கதையும் இத்தகையது. மேற்கு ஐரோப்பாவில் அது நெடுங்காலம் வழி தவறிய பறவையாகவே கருதப்பட்டது. தென்பிரான்சில் குளிர்காலம் கழித்த பறவைகளுக்கு இடத்தைக் கணிக்கும் சிறு கருவி பொருத்திய ஆய்வு 2021-இல் வெளியானது. அவை சைபீரியப் பகுதிக்குப் போய் அடுத்த குளிர்காலத்தில் அதே இடத்துக்குத் திரும்பின என்று அது காட்டியது. அவற்றைப் பொறுத்தவரை வழி தவறியது என்ற சொல் இனிப் பொருந்தாது. ஆறு கிராம் எடையே உள்ள மஞ்சள் புருவக் கதிர்க்குருவி ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் மேற்கு ஐரோப்பாவுக்குக் கூடுதலாக வருவதற்கும் இதே விளக்கம் சொல்லப்படுகிறது. ஆனால் நெட்டைக்காலிக்குக் கிடைத்த அளவு நேரடிச் சான்று அதற்குக் கிடைக்கவில்லை, ஆகவே இரண்டையும் ஒன்றாகப் பேசுவது சரியன்று.

ஆகவே பிடித்துக் காப்பாற்ற வேண்டுமா என்ற மூன்றாவது கேள்விக்கு, வேண்டாம் என்பதே என் உறுதியான பதில். பறக்கிற, இரை தேடுகிற பறவைக்கு நம் உதவி தேவையில்லை. பிடிப்பதே அதற்கு மிகப்பெரிய ஆபத்து. பெட்டியில் வைத்துச் சரியான ஊருக்கு அனுப்பலாமே என்று சிலர் கேட்பதுண்டு. எந்த ஊரிலிருந்து வந்தது என்பது தெரியாது. அனுப்பினாலும் இளம்பறவை தன் பழைய திசையிலேயே மறுபடி பறக்கும் என்பதை ஸ்டார்லிங் ஆய்வு காட்டிவிட்டது. நோய் பரவும் அபாயமும் உண்டு. எழ முடியாமல் தரையில் கிடக்கும் பறவையானால் கதை வேறு. காற்றுப் புகும் அட்டைப்பெட்டியில், இருட்டில், அமைதியாக வைத்து, உணவோ நீரோ வாயில் ஊட்ட முயலாமல், வனத்துறையிடமோ பயிற்சி பெற்ற மீட்பாளரிடமோ ஒப்படையுங்கள். நலமாக உள்ள பறவைக்குச் செய்யக்கூடிய நன்மை, கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவதுதான். களைத்து வந்த பறவைக்கு, இரை தேடும் ஒவ்வொரு மணி நேரமும் அடுத்த பயணத்துக்கான கொழுப்பாக மாறுகிறது. படமெடுக்க வேண்டிப் புதரைத் தட்டுவதும், அலைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வெளியே வரவழைப்பதும் அந்த நேரத்தைப் பறிக்கின்றன. குரலை ஒலிக்கவிடுவதை நான் எந்த நிலையிலும் ஏற்பதில்லை, எத்தனை பேர் தொலைவிலிருந்து வந்து காத்திருந்தாலும்.

பதிவைப் பொறுத்தவரை, அழகான படத்தைவிடப் பயன்படும் படம் முக்கியம்: விரிந்த வால், மூடிய சிறகில் நீண்டு தெரியும் முதன்மை இறகுகள், காலின் நிறம், இரு கால்களிலும் வளையம் உண்டா இல்லையா என்பது தெரியும் கோணம். இலைகளுக்கிடையே திரியும் கதிர்க்குருவி என்றால் படத்தைவிடக் குரலே பல இனங்களைப் பிரித்துக் காட்டும். அலைபேசியில் பதிந்த அரை நிமிட ஒலிகூடப் போதும். பார்த்த நாள், நேரம், காற்றின் திசை, என்ன தின்றது, உடன் வேறெந்தப் பறவைகள் வந்திருந்தன என்பவற்றை அன்றே எழுதிவையுங்கள். நினைவிலிருந்து பிறகு எழுதும் வருணனை கையேட்டைப் பார்த்துத் திருந்திவிடும், எழுதுபவர் அறியாமலே. தேடிப்போய்ப் பறவை இல்லாத நாளையும் பதியுங்கள், ஏனென்றால் எப்போது கிளம்பியது என்பதும், அடுத்த ஆண்டு அதே வாரத்தில் அதே புதருக்கு வருகிறதா என்பதும்தான் தற்செயலையும் பாதையையும் பிரித்துக் காட்டும். இதுவரை எடுத்த படங்களில் வால்நுனி தெளிவாகத் தெரியும் ஒன்று இருந்தால் இணைத்து அனுப்புங்கள். வந்த காரணத்தைச் சொல்ல முடியாவிட்டாலும், இளம்பறவையா முதிர்ந்ததா என்பதைப் பெரும்பாலும் அதைக் கொண்டு சொல்லிவிடலாம்.